வால்பாறை ஏற்றத்தில் இழுவை அற்றுப்போகும் டீசல் கார்: பி0299 என்று வந்தால் டர்போவையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: பொள்ளாச்சிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டில் வாங்கிய 1.6 லிட்டர் டீசல் கார் ஒன்று என்னிடம் உள்ளது. இதுவரை 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வண்டியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை, ஏனெனில் பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சமவெளியில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது மட்டும், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவை நெருங்கும் நேரத்தில், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதைப் போல இழுவை திடீரென்று அற்றுப்போகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் என்ஜின் 2500 சுற்றைத் தாண்ட மறுக்கிறது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் ஐந்து நிமிடம் பழையபடி ஏறுகிறது, பிறகு மீண்டும் அதே கதை. கரும்புகை இல்லை, விசில் சத்தம் இல்லை, என்ஜின் ஆயிலும் குறையவில்லை.

ஒரு பணிமனையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தது. டர்போ போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லி 65,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். டர்போவின் பக்கவாட்டில் வட்டமான தகர டப்பா ஒன்று இருக்கிறது. அதன் தலையில் மெல்லிய குழாய் ஒன்று செருகப்பட்டுள்ளது, மின்கம்பி எதுவும் அதற்குப் போகவில்லை. என்னிடம் ஸ்பானர் செட், மல்டிமீட்டர், செல்பேசியோடு இணைந்து வண்டிக் கணினியின் அளவுகளைக் காட்டும் ஓபிடி கருவி ஆகியவை உள்ளன. இவற்றை வைத்துக்கொண்டு வீட்டிலேயே எதுவரை பார்க்க முடியும் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய ஸ்பானர்

வணக்கம் தம்பி. அந்த மதிப்பீட்டுத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். பி0299 என்பது, கேட்ட அளவு பூஸ்ட் அழுத்தம் (டர்போ காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் அழுத்தம்) வந்து சேரவில்லை என்று வண்டியின் கணினி சொல்லும் புகார் மட்டுமே. எந்த உறுப்பு கெட்டது என்பதை அது சொல்வதில்லை. டர்போவின் சுழல்தண்டு தேய்ந்திருந்தாலும் அதே எண்தான் வரும், அமுக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் குழாய் கிழிந்திருந்தாலும் அதே எண்தான், முப்பது ரூபாய்க் குழாயில் ஓட்டை விழுந்திருந்தாலும் அதே எண்தான். அணைத்துக் கிளப்பினால் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியதைக் கவனித்தேன். சுழல்தண்டே தேய்ந்த டர்போ சாவியைத் திருப்பினால் குணமாகாது. கணினி தற்காப்பு நிலைக்குப் போய் விசையைக் குறைக்கிறது, சாவியைத் திருப்பியதும் அந்த நிலை கலைகிறது, அவ்வளவுதான். எனவே கோளாறு டர்போவில் இருப்பதைவிட அதைக் கட்டுப்படுத்தும் பாகங்களில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உங்களுடையது வேக்கத்தால் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிட இழுப்பால்) இயங்கும் மாறு வடிவ டர்போ. எக்ஸாஸ்ட் சக்கரத்தைச் சுற்றியுள்ள சிறு இறகுகள் நெருங்கினால் புகை வேகமாகப் பாய்ந்து பூஸ்ட் ஏறும், விரிந்தால் இறங்கும். அந்தத் தகர டப்பாதான் ஆக்சுவேட்டர். அதற்குள் ரப்பர் சவ்வு ஒன்றும் ஸ்பிரிங் ஒன்றும் இருக்கும். வேக்கம் வந்தால் டப்பாவிலிருந்து நீளும் தண்டு உள்ளே இழுக்கப்பட்டு இறகுகள் நெருங்கும், வேக்கம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளி இறகுகளை விரித்துவிடும். ஆகவே வேக்கம் எங்கே கசிந்தாலும் பூஸ்ட் குறையும். பெட்ரோல் வண்டிகளில் உள்ள, உபரிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் டப்பா பெரும்பாலும் அழுத்தத்தால் இயங்குவது, அங்கே குழாய் கழன்றால் பூஸ்ட் எல்லை மீறி ஏறும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேடினால் நாள் முழுவதும் வீணாகும்.

முதலில் ஸ்பானரே தேவைப்படாத சோதனை. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து, ஆக்சுவேட்டர் தண்டைப் பார்த்துக்கொண்டே ஒருவரை வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான டீசல்களில் கிளப்பிய சில விநாடிகளில் தண்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே இழுக்கப்படும், அணைத்ததும் திரும்பி வரும். இந்த அசைவு தயங்காமல் ஒரே சீராக இருக்க வேண்டும். பாதியில் சிக்கித் துள்ளினால் இறகுகளில் கரி கட்டியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, டப்பாவின் குழாயைக் கழற்றிவிட்டு, கை வேக்கம் பம்பைப் பொருத்தி இழுத்துப் பாருங்கள். அந்தப் பம்பு இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 60 மில்லி சிரிஞ்சும் ஒரு துண்டுக் குழாயும் போதும். தண்டு முழுத் தூரம் வராவிட்டாலும் அசைவது தெரியும். இழுத்த நிலையில் குழாயை மடித்துப் பிடித்தால் தண்டு ஒரு நிமிடமாவது அங்கேயே நிற்க வேண்டும், மெல்ல நழுவினால் சவ்வு கிழிந்திருக்கிறது.

டப்பா நன்றாக இருந்தால், அதற்குப் போகும் வேக்கத்தைக் கணினி சொற்படி மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வுக்கு வாருங்கள். அதில் மூன்று வழிகள் இருக்கும்: வேக்கம் வரும் வழி, ஆக்சுவேட்டருக்குப் போகும் வழி, சிறு வடிகட்டி வழியாக வெளிக்காற்றுக்குத் திறக்கும் வழி. மின்சாரம் இல்லாதபோது வேக்கம் வரும் வழி அடைபட்டிருக்க வேண்டும். ஆகவே அந்த முனையில் சிரிஞ்சை வைத்து இழுத்தால் காற்று வரக் கூடாது. சுருளின் மின்தடை பெரும்பாலான வால்வுகளில் 10 முதல் 20 ஓம் வரை காட்டும். ஆனால் மின்தடை சரியாக இருப்பதால் மட்டும் வால்வு நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள், உள்ளே அடைப்பான் தேய்ந்து கசிவதை மல்டிமீட்டர் காட்டாது.

மறுமொழி: கரிப்புகை

பழைய ஸ்பானர் ஐயா சொன்னவற்றோடு முற்றிலும் உடன்படுகிறேன். ஆனால் கையில் ஓபிடி கருவி இருக்கும்போது, பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதித் தேடலை முடித்துவிடலாம்.

சாவியைப் போட்டு, என்ஜினைக் கிளப்பாமல், மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) காட்டும் அழுத்தத்தைப் பாருங்கள். அப்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல்மட்டத்தில் அது ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். பொள்ளாச்சியில் 97, 98 என்று வரும். வால்பாறையின் உயரத்தில் 90க்குச் சற்றுக் குறைவாகவும், ஊட்டியில் 77, 78 அளவிலும் வரும். மலைமேல் நின்றுகொண்டும் 100 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. சென்சாரின் மூக்கில் எண்ணெய்க் கரி அப்பிக்கொண்டாலும் இதே போலத் தடுமாறும். கழற்றி, மின்னணுப் பாகங்களுக்கான தெளிப்பானால் மெதுவாகக் கழுவிக் காயவிட்டால் போதும், ஊசியால் குத்தக் கூடாது.

பிறகு ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் 1500 சுற்றிலிருந்து 3500 வரை முழு ஆக்சிலரேட்டரில் ஓடவிட்டு, கணினி கேட்கும் பூஸ்டையும் கிடைக்கும் பூஸ்டையும் பதிவு செய்யுங்கள். செல்பேசியை உடன் வருபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கருவி காட்டுவது வெளிக்காற்றையும் சேர்த்த மொத்த அழுத்தம். எனவே 220 கிலோபாஸ்கல் என்றால் டர்போ தருவது ஏறக்குறைய 120தான்.

மலையில் மட்டும் வருகிறது என்பதால் வெப்பத்தைச் சந்தேகிக்கிறேன். ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்றோட்டம் குறைவு, ஆனால் டர்போவோ முழு மூச்சில் உழைக்கிறது. குளிர்ந்த வண்டியில் செய்யும் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டால் வியப்படைய வேண்டாம். அதே சோதனையைச் சூட்டில் செய்ய வேண்டியிருக்கும்.

மறுமொழி: மலைச்சாலை

ஓர் எச்சரிக்கை மட்டும். தண்டின் நீளத்தைத் திருகி மாற்றினால் இழுவை வரும் என்றும், டர்போ உடம்பிலுள்ள நிறுத்தத் திருகைச் சற்றுத் தளர்த்தினால் போதும் என்றும் உங்களுக்கு யாராவது யோசனை கூறுவார்கள். தொடாதீர்கள். அவை தொழிற்சாலையில் காற்றோட்டத்தை அளந்து அமைத்து, பூட்டு நட்டும் வண்ணக் குறியும் இட்டு விடப்படுபவை. ஆக்சுவேட்டரில் மின்கம்பி உள்ள வண்டிக்காரர்களும் இத்திரியைப் படிக்கக் கூடும் என்பதால் சொல்கிறேன்: மோட்டார் வைத்த மின்னணு ஆக்சுவேட்டரை மாற்றினால் அதற்கு எல்லை கற்பிக்கும் வேலை இருக்கிறது, அதற்குரிய ஸ்கேனர் இல்லாமல் வீட்டில் தொடங்கினால், கழற்றிய வண்டியை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

மறுமொழி: பொள்ளாச்சிக்காரன்

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே கழிந்தது. சாவி போட்ட நிலையில் மேப் சென்சார் 97 காட்டியது. குளிர்ந்த நிலையில் தண்டு சீராக அசைந்தது. சிரிஞ்சில் இழுத்துப் பிடித்தபோது இரண்டு நிமிடம் நகராமல் நின்றது. சாலைப் பதிவில் 3000 சுற்றில் கேட்பு 218, கிடைத்தது 205. இதற்குள் மனம் சோர்ந்து, பணிமனைக்காரர் சொன்னதே சரியோ என்றுகூட எண்ணத் தொடங்கிவிட்டேன்.

பிற்பகலில் தம்பியை உடன் அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்தபடியே இழுவை போனது. அப்போது கேட்பு 210, கிடைத்தது 138. ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனையில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் பானெட்டைத் திறந்தேன். தண்டு வெளியே தள்ளியே நின்றது. சொலினாய்டிலிருந்து ஆக்சுவேட்டருக்கு வரும் குழாயைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: எக்ஸாஸ்ட் தகட்டின் மேலாக வளையும் இடத்தில் அது நசுங்கிய பனை ஓலைக் குருத்தைப் போலத் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் வேகவைத்த சேமியாவைப் போலக் குழைகிறது. முந்தைய சர்வீஸில், மூலக் குழாய்க்குப் பதிலாகக் கண்ணாடி கழுவும் தண்ணீருக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டிருக்கிறார்கள். ஆறியதும் அது மறுபடி உருண்டையாகி நல்ல பிள்ளையைப் போல நின்றுகொள்கிறது.

வீடு திரும்பியதும் சொலினாய்டையும் சோதித்தேன். மின்தடை 15 ஓம் இருந்தது, ஆனால் வேக்கம் வரும் முனையில் சிரிஞ்சை இழுத்துவிட்டால் நான்கைந்து விநாடிகளில் காற்று புகுந்துவிடுகிறது. இரண்டையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை எவை?

மறுமொழி: பழைய ஸ்பானர்

குழாயைக் கண்டுபிடித்தது உங்கள் கண்தான், எங்கள் யோசனை அல்ல. வேக்கம் குழாய் என்று கேட்டு, தடித்த சுவருள்ள, நூல் பின்னிய ரப்பர்க் குழாயாக வாங்குங்கள். உள்விட்டம் பழைய முனையோடு பொருந்த வேண்டும், பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் இருக்கும். சிலிக்கோன் குழாய் வெப்பத்தைத் தாங்கும் என்றாலும், மெல்லிய சுவருள்ளதை வாங்கினால் இதே போல ஒட்டிக்கொள்ளும். புதிய குழாயைத் தகட்டிலிருந்து விரலளவு தள்ளி, பழைய கிளிப்புகளிலேயே பொருத்துங்கள்.

சொலினாய்டை மாற்றுவதற்குமுன் அதன் மேல் அச்சிட்ட உதிரிபாக எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் வால்வுகளில் பூஸ்ட் வரைகோடு மாறுபடும், சென்னைப் புதுப்பேட்டையில் பழையது வாங்குவதானாலும் எண் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும்; ஆனால் இந்தப் பாகத்துக்குப் புதியதே நல்லது என்பது என் கருத்து. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, குழாய்கள் ஒவ்வொன்றிலும் காகித ஒட்டுச் சீட்டில் எந்த வழி என்று எழுதி ஒட்டிய பிறகே கழற்றுங்கள். வேக்கமும் ஆக்சுவேட்டர் வழியும் இடம் மாறினால் புதிய வால்வும் வேலை செய்யாது. அதைப் பார்த்து வால்வையே குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பழைய குழாய் முனையில் இறுகியிருந்தால் இடுக்கியால் முறுக்கி இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்.

ஒரே வேக்கம் பம்பிலிருந்துதான் பிரேக் பூஸ்டருக்கும் வழி பிரிகிறது. கண்ட குழாயைப் போட்டவர்கள் அந்தப் பக்கம் எதைத் தொட்டார்கள் என்பது நமக்குத் தெரியாது. என்ஜின் அணைந்த நிலையில் பிரேக்கை நான்கைந்து முறை மிதித்து இறுகச் செய்து, மிதித்தபடியே கிளப்புங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மலைப் பக்கம் போகாதீர்கள்.

மறுமொழி: பொள்ளாச்சிக்காரன்

சொலினாய்டு 2,400 ரூபாய், குழாய் ஒரு மீட்டர் 90 ரூபாய். வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அதில் ஒரு மணி நேரம் கீழே விழுந்த ஒரு திருகைத் தேடுவதிலேயே போனது. பிரேக் சோதனையில் பெடல் முறையாக இறங்கியது. பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு நேற்று வால்பாறை வரை நாற்பது வளைவுகளும் ஏறிவந்தேன். முப்பதாவது வளைவில் மூன்றாவது கியரில் கேட்பு 212, கிடைத்தது 209; குறியீடு திரும்ப வரவில்லை. கழற்றிய பிளாஸ்டிக் குழாயை டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது, பேச்சு எதுவும் இல்லாமல், சர்வீஸ் செய்த இடத்து மேசையில் வைத்துவிட்டு வருவேன்.