வேலையிடத்தில் உங்களை மதித்த, அல்லது மதிக்காமல் விட்ட, அந்த ஒரு நிமிடம்

லேத்துக்காரன், கோவை:
ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் பட்டறையில் பம்ப் ஷாஃப்ட் ஓட்டுகிறோம். பூஜை எப்படி நடக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை, கையில் ஒரு கவர். கடைசியில் பூசணிக்காய் சுற்றுவது எப்போதும் ஃபோர்மேன்தான். இந்த வருடம் முதலாளி காயை என் கையில் கொடுத்துவிட்டார். "ஆடி மாசம் நைட் ஷிஃப்ட்ல நீ மெஷினை நிறுத்தலைன்னா நாப்பது ஷாஃப்ட்டும் அப்படியே பார்ட்டிக்குப் போயிருக்கும். சுத்து கண்ணு" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பேரிங் உட்காரும் இடத்தில் சைஸ் குறைந்திருந்தது, அதனால் நிறுத்தினேன். அன்றைக்கு எனக்கு விழுந்தது திட்டுதான்.

காய் நல்ல கனம். குழியில் குங்குமமும் சில்லறையும், மேலே சூடம் எரிகிறது, என் கை நடுங்குகிறது. அப்பா இதே தொழிலில் 22 வருடம் இருந்தார். அவர் கையில் யாரும் காயைக் கொடுத்ததில்லை. வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் இன்னும் சொல்லவில்லை.

பட்டு செக்ஷன் அக்கா:
நான் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் நின்றேன். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை நிற்கத்தான் வேண்டும், சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி நேரம். ரேக்கில் சாய்ந்தால் கேமராவில் பார்த்து மைக்கில் கூப்பிடுவார்கள். ஒரு தடவை 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று என் போட்டோவை மாட்டினார்கள். அந்தப் போட்டோவுக்கு நேர் கீழேதான் என் கவுன்டர். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு சுருண்டு வலிக்க, அதன் கீழேயே நின்று புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடி வாங்கியது. எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்து இறங்கியது. ஆனால் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. புதிதாக வந்திருந்த ஃப்ளோர் சூப்பர்வைசர், என் தம்பி வயசுதான், அவரே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கைக்குட்டையால் தூசி துடைத்துப் போட்டு, "உட்காருங்கக்கா, கஸ்டமர் வந்தா எந்திரிச்சுக்கலாம்" என்றார். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. போட்டோ மாட்டியதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. ஸ்டூல் போட்டதை அன்றைக்கு ராத்திரியே சொன்னேன்.

ஓஎம்ஆர் பெண்:
ஆறு மாதம் சனி, ஞாயிறு பார்க்காமல் முடித்த மைக்ரேஷன், அதாவது பழைய சிஸ்டத்திலிருந்து எல்லாவற்றையும் புதியதுக்கு மாற்றுகிற வேலை. டவுன்ஹாலில், அதாவது ஆபீசில் எல்லோரையும் கூட்டி நடத்தும் மீட்டிங்கில், மேனேஜர் நன்றி சொல்லும்போது என் பெயருக்குப் பதிலாக, எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்துவிட்டுப் போன பெண்ணின் பெயரைச் சொன்னார். டீமில் யாரும் திருத்தவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பழைய யூனியன்காரன்:
லேத்துத் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. பூசணிக்காய் கொடுத்தார் சரி, போனஸ் எவ்வளவு கொடுத்தார்? எனக்கு நடந்தது இரண்டு வரிதான். ஒரு தீபாவளிக்கு மில்லில் மேடை போட்டு எங்களைப் பாராட்டி, ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் கேரியரும் கொடுத்தார்கள். கவரைப் பிரித்தால் போன வருடத்தை விடப் பணம் குறைவு.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். நாங்கள் யூனியனில் இருந்தபோது பேசியதெல்லாம் 1965-ஆம் வருட போனஸ் சட்டத்தை வைத்துத்தான். குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. 8.33 என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கணக்கு. லாபம் இல்லை என்று சொன்னாலும் அந்தக் குறைந்தபட்சத்தைக் கொடுத்தாக வேண்டும். வருடத்தில் முப்பது நாள் வேலை பார்த்திருந்தாலே உரிமை உண்டு. 2015 திருத்தத்துக்குப் பிறகு மாதம் 21,000 ரூபாய் சம்பளம் வரைக்கும் உள்ளே வந்தார்கள். கணக்குப் போடுவதற்கு மட்டும் 7,000 அல்லது அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது. இந்த 7,000-ஐக் காட்டித்தான் நிறைய இடத்தில் ஏமாற்றுவார்கள், குறைந்தபட்சக் கூலியைப் பேசவே மாட்டார்கள். அப்புறம், சம்பளச் சீட்டை ஒரு மாதம் விடாமல் எடுத்து வையுங்கள். வாயால் சொன்ன பாராட்டை லேபர் ஆபீசில் காட்ட முடியாது. அந்த ஸ்டூலும் யாரோ மனசு வைத்துக் கொடுத்தது இல்லை, சட்டம் கொடுத்தது.

பட்டு செக்ஷன் அக்கா:
அண்ணே, கணக்கெல்லாம் சரி, எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஸ்டூலைச் சட்டம்தான் கொடுத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூசி துடைத்துப் போடச் சொல்லி சட்டத்தில் இல்லையே. ஓஎம்ஆர் தங்கச்சி, அந்த மேனேஜரிடம் போய் "அதைப் பண்ணினது நான்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடும்மா. இப்போது போனாலும் தப்பில்லை.

நைட் ட்யூட்டி சிஸ்டர்:
மே 12 செவிலியர் தினத்துக்குக் காலை பதினோரு மணிக்குக் கேக் வெட்டுவார்கள். நைட் பார்த்தவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்போம். ராத்திரி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் எங்களுக்கென்று எடுத்து வைத்த துண்டு காய்ந்துபோய் இருக்கும். நான்கு வருடம் அப்படித்தான்.

ஐந்தாவது வருடம் புது நர்சிங் சூப்பரின்டென்டென்ட் விடியற்காலை நாலரைக்கு ஃப்ளாஸ்க்கில் டீயோடு ஐசியூவுக்கே வந்துவிட்டார். வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் பெட் சார்ட்டை எடுத்து வரி வரியாகப் படித்தார். "யூரின் குறையறதை ரெண்டு மணிக்கே கவனிச்சு டாக்டரை எழுப்பியிருக்க. நல்லா பார்த்திருக்க சிஸ்டர்" என்றார். நான் எழுதியதை யாரோ உட்கார்ந்து படித்தது அதுதான் முதல் தடவை. டீ ஆறிப்போச்சு. குடிக்கத் தோன்றவில்லை.

லேத்துக்காரன், கோவை:
யூனியன் அண்ணா, போனஸ் தீபாவளிக்குத்தான். நீங்கள் சொன்ன கணக்கை எழுதி வைத்திருக்கிறேன், கேட்பேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பூசணிக்காய் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "மைக்ரோமீட்டர்ல ஜீரோ பார்த்துட்டுத்தான் அளந்தியா?" என்றார். பார்த்தேன்ப்பா என்றேன். "டூல் தேஞ்சிருந்ததா, ஆஃப்செட் தப்பா?" என்று ஆரம்பித்தார். பதினொன்றரை வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.