புதர்க்காட்டில் கைவிடப்பட்ட திருட்டு வாகனம்: யாரிடம் சொல்வது, எப்படி அகற்றுவது?

கேள்வி: காரைமுள்

வணக்கம். தென்சென்னைப் புறநகரில், பழைய கல்குவாரி ஒன்றை ஒட்டிய புதர்க்காட்டின் ஓரமாக ஏழெட்டு ஆண்டுகளாகக் காலை நடை செல்கிறேன். இடத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால், உதவ வருபவர்களுக்கு முன்பே உதிரிபாகம் கழற்றுபவர்கள் வந்துவிடுவார்கள்.

பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து அங்கே ஒரு வெள்ளை கார் நிற்கிறது. பதிவெண் பலகைகள் இரண்டும் இல்லை. முதலில் கண்ணாடிகள் முழுதாக இருந்தன. அடுத்த வாரம் நான்கு சக்கரங்களும் காணாமல் போயின. மாசி பிறப்பதற்குள் யாரோ பக்கக் கண்ணாடிகளை அடித்து நொறுக்கி, இருக்கைகளைக் கிழித்து, கதவுகளில் பெயின்ட்டால் கிறுக்கி, பின்பக்கத்துக்குத் தீ வைக்கவும் முயன்றிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த சூரைப் புதர் பாதி கருகி நிற்கிறது. வனத்துறை வைத்த அறிவிப்புப் பலகையும் வளைக்கப்பட்டுக் கிடக்கிறது. நேற்று அருகில் சென்று பார்த்தேன். கண்ணாடித் துண்டுகள் கல்லுப்பைக் கொட்டியது போல மண்ணில் கிடந்தன. வண்டிக்கு அடியில் எண்ணெய் கசிந்து ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மண் கறுத்திருந்தது. வண்டிக்குள் டாஷ்போர்டில் ஒட்டிய சிறிய பிள்ளையார் மட்டும் நெற்றியில் குங்குமத்தோடு அப்படியே இருந்தார். இந்த வண்டியை யாரோ ஒரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காவல் நிலையத்தில் சொன்னபோது, அது காட்டு நிலம், வனத்துறையிடம் போங்கள் என்றார்கள். வனத்துறையினரோ, வண்டி என்றால் காவல்துறைதான் என்றார்கள். இதில் உண்மையில் யாருக்குப் பொறுப்பு? நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிரேன் பிடித்து அப்புறப்படுத்தலாமா? சித்திரை வெயில் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். காய்ந்த புல்லில் இன்னொரு முறை யாராவது தீ வைத்தால் அந்தச் சரிவு முழுவதும் போய்விடும்.

மறுமொழி: முன்னாள் ரைட்டர்

ஐயா, காவல் நிலையங்களில் நீண்ட காலம் ரைட்டராக, அதாவது புகார்களையும் பதிவேடுகளையும் எழுதுபவனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். கிரேன் யோசனையை உடனே கைவிடுங்கள். வண்டியை நகர்த்தாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், அந்தப் பிள்ளையாரைக் கூட எடுக்காதீர்கள். அது திருட்டு வண்டியாக இருந்தால் வழக்குச் சொத்து ஆகிவிடும். அது கிடந்த நிலையும் சாட்சியம்தான். நல்லெண்ணத்தோடு இழுத்துச் சென்று, பிறகு நீங்களே நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடாது.

நிலம் யாருடையது என்பது வண்டியை வெளியே எடுக்கும் வேலைக்கு முக்கியம். புகாரை வாங்குவதற்கு அது முக்கியமே இல்லை. திருடப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு காவல் அதிகாரிக்குத் தருகிறது. முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவாக இருந்தது. அதே புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவலை எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. 2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனி ஆணையரகங்கள் ஆன பிறகு, புறநகரில் எந்த இடம் எந்த நிலையத்துக்கு உட்பட்டது என்பதில் பொதுமக்களுக்குக் குழப்பம் உண்டு. ஆனால் அது உங்கள் சுமையல்ல. எழுத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். தர மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கண்ணெதிரே யாராவது தீ வைத்தாலோ வண்டியை உடைத்தாலோ 112 எண்ணுக்கு அழையுங்கள்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு செய்தி. வண்டி 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததாக இருந்தால், முன்கண்ணாடியின் உட்புறத்தில் பதிவெண்ணும், எஞ்சின், சேசிஸ் எண்களும் உள்ள ஒரு சிறிய ஒட்டுவில்லை இருக்க வேண்டும். திருடர்கள் பலகைகளைக் கழற்றிவிட்டு இதை மறந்துவிடுவது உண்டு. முன்கண்ணாடி பக்கக் கண்ணாடி போலச் சிதறாது. சிலந்திவலை போல விரிசல் விட்டாலும் ஒரே தகடாகவே நிற்கும். ஆகவே வெளியில் நின்றபடியே அதைப் படம் எடுக்க முடியும். எண் கிடைத்துவிட்டால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் அது திருட்டு வண்டியா என்று பார்க்கலாம். மனுவில் எண்ணும் இருந்தால் அதை ஒதுக்கிவைப்பது எவருக்கும் கடினம்.

வனத்துறைக்கும் தனியாக ஒரு மனு கொடுங்கள். அதில் காரைப் பற்றி எழுதுவதை விடத் தீயைப் பற்றி எழுதுங்கள். காப்புக்காட்டில் தீ வைப்பது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அதை விசாரிக்க வேண்டியது அவர்கள்தான்.

மறுமொழி: பழைய வண்டிக்காரன்

உரிமையாளர் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. என் கார் திருடுபோய்ப் பதினொரு மாதம் கழித்து, இப்படித்தான் ஒரு முட்புதரில் கிடைத்தது. அதற்குள் "கண்டுபிடிக்க இயலவில்லை" என்ற சான்றிதழைப் பெற்றுக் காப்பீட்டுத் தொகையை வாங்கியிருந்தேன். தொகையைத் தந்த பிறகு வண்டி காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தது. நான் போய்ப் பார்க்கலாமே தவிர, எடுக்க முடியாது. கண்ணாடி இல்லாத, எஞ்சின் இல்லாத கூட்டை எடுக்க நிறுவனத்துக்கும் அவசரம் இல்லை. இத்தனை வண்டிகள் ஆண்டுக்கணக்கில் அனாதையாகக் கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன். கைப்பற்றிய வாகனங்களை நிலையங்களில் நெடுங்காலம் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உரிமை கோருபவர் யாரானாலும், அந்தத் தீர்ப்பைக் காட்டி நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம்.

மறுமொழி: கொம்பன் ஆந்தை

நான் பறவை பார்ப்பவள். கல்குவாரி என்று எழுதியிருப்பதால் ஒரு வேண்டுகோள். தென்சென்னையின் பழைய குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தைகள் உண்டு. நன்மங்கலம் காப்புக்காடு அதற்காகவே பறவை பார்ப்பவர்களிடையே பெயர் பெற்றது. இவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பிலோ புதரடியில் வெறுந்தரையிலோ முட்டையிடும். தை முதல் பங்குனி வரை குஞ்சுகள் இருக்கக்கூடிய காலம். எனவே கிரேன் வரும் நாளில் முதலில் வனக்காப்பாளர் அந்த விளிம்பைப் பார்த்துவிடட்டும். பொக்லைனை வைத்துப் புதரை வழித்துப் பாதை போடுவதற்கு யாரும் சம்மதிக்க வேண்டாம். பாதை அகலமானால் அடுத்த கார் இன்னும் உள்ளே போய் நிற்கும். வந்த தடத்திலேயே கம்பிவடம் போட்டு இழுத்துவிடலாம்.

எண்ணெயை விட நான் அதிகம் அஞ்சுவது ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டுக்கு. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் இனிக்கும். கசிந்து குழியில் தேங்கினால் நாய், நரி, கீரி எதுவானாலும் நக்கிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுச் சாகும். பேட்டரி இன்னும் இருந்தால் அதில் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. கழற்றிப் போட்ட டயர் எங்காவது கிடந்தால் ஒரு மழை போதும், ஏடிஸ் கொசு முட்டையிட்டுவிடும். அகற்றிய பிறகு, கறுத்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்துச் செல்லும்படி வனத்துறைக்கான மனுவிலேயே கேளுங்கள். நீங்களே அள்ளிக் குப்பைத்தொட்டியில் கொட்ட வேண்டாம்.

இன்னொன்று. முதல் வாரம் முழுதாக இருந்த வண்டி நாலாவது வாரம் எரிக்கப்பட்டிருக்கிறது. பாழாகக் கிடக்கும் ஒன்றைப் பார்த்தால் கை வைக்க ஆள் வந்துவிடுகிறது. எங்கள் பகுதியில் ஒரு காட்டுத்தடத்தின் வாயிலில் மூன்று பெரிய கருங்கற்களை உருட்டிப் போட்டார்கள். ஆள் நடக்கலாம், மானும் போகலாம், கார் நுழைய முடியாது. அகழி வெட்டுவதை விட இது நல்லது. அகழி மழைநீரின் போக்கை மாற்றிவிடும்.

காரைமுள் (ஆறு வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி. ஒட்டுவில்லை இருந்தது. பாதி சேதமாகியிருந்தாலும் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் சேசிஸ் எண்ணும் படிக்க முடிந்தன. எண்ணோடு மனு கொடுத்த அன்றே சி.எஸ்.ஆர். கிடைத்தது. நான்காம் நாள் மகஜர் (கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுதிக் கைப்பற்றினார்கள். வேறு மாவட்டத்தில் கார்த்திகை மாதம் காணாமல் போன வண்டி அது. உரிமையாளர் மனைவியோடு வந்து பார்த்தார். அந்த அம்மா பிள்ளையாரை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். நீதிமன்ற உத்தரவு வரட்டும், பத்திரமாகத் தருகிறோம் என்று உதவி ஆய்வாளர் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்தார்.

வனக்காப்பாளர் பாறை விளிம்பைப் பார்த்து, கூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே கிரேன் வந்தது. கறுத்த மண்ணையும் எடுத்துவிட்டார்கள். தடத்தின் வாயிலில் கல் போடுவது குறித்துக் கடிதம் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. கண்ணாடித் துண்டுகள் மட்டும் புல்லுக்குள் அப்படியே கிடக்கின்றன. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வனவரின் அனுமதியோடு அவற்றைப் பொறுக்கப் போகிறோம். தடித்த கையுறையும் ஒரு கோணிப்பையும் கொண்டுவர முடிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், இடத்தைச் சொல்கிறேன்.