ஆஸ்போர்ன், சுனக், ஏஐ: பிரிட்டன் விதி தெரிந்தவர்கள் உதவுங்கள்

பொது நிர்வாக ஆய்வேட்டில் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன். 2010 முதல் 2016 வரை பிரிட்டன் நிதியமைச்சராக இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்ன், 2025 டிசம்பரில் சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன்ஏஐ-யில் சேர்ந்தார். வேலையே பல நாட்டு அரசுகளோடு பேசுவதுதான்.

இன்னொரு முன்னாள் நிதியமைச்சர் ரிஷி சுனக், 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் இரண்டுக்கும் ஆலோசகரானார். முன்னாள் அமைச்சர்களின் புது வேலைகளைப் பரிசீலித்த அரசுக் குழு (ACOBA) அவருக்கு எழுதிய ஆலோசனைக் கடிதங்களைப் படித்துவிட்டேன்: பதவி விலகி 2 ஆண்டுகள் வரை அந்நிறுவனங்களுக்காக அரசிடம் பரிந்து பேசக் கூடாது. ஆஸ்போர்னுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

அரசிடம் இப்படிப் பரிந்து பேசுவோருக்கான 2014 சட்டத்தையும் (Lobbying Act) புரட்டினேன். வெளியாளாக இருந்து, ஒரு கம்பெனியிடம் காசு வாங்கிக்கொண்டு அதற்காகப் பேசுபவர்தான் அதன்படி பதிய வேண்டும். கம்பெனியின் சொந்த ஊழியர் பதிய வேண்டாம். எனக்கு இது பெரிய ஓட்டையாகப் படுகிறது.

இப்படி ஊழியராகச் சேர்ந்த முன்னாள் அமைச்சர், இன்றைய அமைச்சரைச் சந்தித்தால் அது எந்த அரசு ஆவணத்தில் பதிவாகும்?