கேப் வழியாக முதல் பயணம்: ஆப்பிரிக்கக் கரையில் பார்க்க என்ன இருக்கிறது?

புதுக் கேடட்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு கன்டெய்னர் கப்பலில் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) ஏறுகிறேன். இதுதான் முதல் கப்பல். சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாம். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு நிறையக் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு நன்னம்பிக்கை முனை (கேப்) வழியாக ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன. எங்களுக்கும் அதே பாதைதான். "பத்து நாள் கூடுதலாகத் தண்ணீரைப் பார்க்கப் போகிறாய், வேறென்ன" என்கிறார் ஒரு சீனியர். அந்தக் கரையோரம் நெடுநாள் ஓடியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அங்கே என்னதான் இருக்கிறது? எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பழைய சிக்னல்மேன்:

தம்பி, நான் கடற்படையில் சிக்னல் பிரிவில் இருந்தவன். மும்பையிலிருந்து கிளம்பி மொம்பாசா, தார் எஸ் சலாம், டர்பன், சைமன்ஸ் டவுன் என்று ஒரு நீண்ட பயணம் போனோம். சிக்னல்காரனுக்கு வேலையே பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், நின்று அடிவானத்தைப் பார்ப்பதுதான். அதனால் எனக்கு நிறைய ஞாபகம் இருக்கிறது.

"வெறும் தண்ணீர்" என்று சொன்னவர் தூங்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். அங்கே தண்ணீரே ஒரே மாதிரி இருக்காது.

நாங்கள் கிளம்பியது ஆகஸ்டில். மொம்பாசா போய்ச் சேரும்வரை காற்று முகத்திலேயே அடித்தது. அந்தக் கரையில் தெற்கிலிருந்து வரும் இந்தக் காற்றை 'குசி' என்பார்கள். நவம்பர் வாக்கில் திசை மாறி வடகிழக்கிலிருந்து வருவது 'கஸ்காசி'. எஞ்சின் இல்லாத காலத்தில் பாய்மரத் தோணிகள் இந்த இரண்டையும் நம்பித்தான் அரபிக் கரைக்கும் அங்கேயும் போய் வந்தன. மொம்பாசாவில் லிபர்ட்டி (கரையில் இறங்க அனுமதி) கிடைத்தபோது ஜீசஸ் கோட்டைக்குப் போனேன். போர்ச்சுகீசியர்கள் 1593-இல் கட்டத் தொடங்கியது. சுவரெல்லாம் பவளக்கல், கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். தார் எஸ் சலாமில் ஒரு நாள்தான் நின்றோம், எனக்கு டூட்டி, இறங்கவில்லை.

டர்பனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பொதுமக்கள் பார்க்கக் கப்பலைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் கேங்வே (கப்பலில் ஏறும் படிக்கட்டு) பக்கம் நின்றேன். 70 வயதிருக்கும் ஒரு அம்மா, கம்பளிச் சட்டை, நெற்றியில் விபூதி. என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அவருக்குத் தமிழ் பேச வராது. வணக்கம், ஆயா, தாத்தா, முருகா, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஆங்கிலம். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு ஜெராக்ஸ் தாள், பழைய பதிவேட்டின் ஒரு பக்கம். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஒரு எண், ஜில்லா, தாலுகா, கிராமம். ஜில்லா வட ஆற்காடு, அது தெளிவாக இருந்தது. கிராமத்தின் பெயர்தான் பிடிபடவில்லை. யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

"இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். எங்கே இருக்கிறது என்று கூடக் கேட்கவில்லை, எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டார். நான் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் என் வாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுச் சென்னையிலிருந்து முதன்முதலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. அன்றைக்கு நான் நின்றதும் அதே துறைமுகம் என்று நினைத்தபோது என்னால் பேச முடியவில்லை.

அந்த எழுத்துகளை ஒரு துண்டுச் சீட்டில் நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது. தம்பி, சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பயக் கேள்வி. டர்பனுக்குத் தெற்கே அகுல்யாஸ் நீரோட்டம் கரையோடு தென்மேற்காக ஓடுகிறது. சில இடங்களில் 4, 5 நாட் வேகம், அதாவது மணிக்கு 4, 5 கடல் மைல். அது முதுகில் தள்ளும்போது நன்றாகத்தான் இருக்கும். எங்கள் கப்பல் தண்ணீரில் 14 நாட் ஓடியது, ஜிபிஎஸ் 18 காட்டியது. இரண்டாம் நாள் பகலில் வடகிழக்குக் காற்று அப்படியே நின்றுபோனது. பாரோமீட்டர் இறங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, ஏறத் தொடங்கியது. எங்கள் சீஃப் அதைப் பார்த்துவிட்டு, மெஸ்ஸில் எல்லாவற்றையும் கட்டி வைக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் தென்மேற்கிலிருந்து அடித்தது பாருங்கள்.

நீரோட்டம் ஒரு பக்கம், காற்று அதற்கு எதிர்ப்பக்கம். அலைகள் நெருங்கி நெருங்கி, முன்பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாகிவிடும். ஒரு கட்டத்தில் கப்பலின் மூக்குக்கு முன்னால் கடலே இல்லாத மாதிரி ஒரு பள்ளம். கப்பல் அதில் விழுந்தது. விழுந்ததும் ஃபோக்சில் (கப்பலின் முன்தளம்) முழுக்கத் தண்ணீருக்குள். பின்பக்கம் தூக்கி, புரொப்பெல்லர் காற்றில் சுற்றுகிற அதிர்வு கால் வழியாகப் பல்லுக்கு ஏறியது. பிறகு மூக்கு மேலே வந்தது. பிரிட்ஜில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டன் கப்பலைக் கரைப்பக்கமாக, 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே கொண்டுபோனார். அங்கே அலை உயரமாக இருந்தாலும் அந்த வெறி இல்லை. அந்தக் கோட்டுக்கு வெளியே அசாதாரண அலைகள் வரலாம் என்று சார்ட்டிலேயே (கடல் வரைபடத்திலேயே) எச்சரிக்கை இருக்கும். போகும் முன் தேடிப் படியுங்கள்.

கீழ்த்தளத்துக்காரன்:

சிக்னல் அண்ணன் சொல்வது சரி. நான் மெர்ச்சன்ட் கப்பலில் எஞ்சினியர், அந்தப் பாதையில் ஆறு முறை போயிருக்கிறேன். 1909 ஜூலையில் டர்பனை விட்டுக் கிளம்பிய 'வராட்டா' என்ற பயணிக் கப்பல் 211 பேரோடு அந்தக் கடலில்தான் காணாமல் போனது.

எங்களுக்கு எஞ்சின் ரூமில் ஜன்னல் கிடையாது. ஆனாலும் கேப் தாண்டியது தெரிந்துவிடும். உள்ளே இழுக்கும் கடல்நீரின் வெப்பநிலை 20-க்கு மேல் இருந்தது, ஒரே வாட்சில் (நாலு மணி நேர டூட்டியில்) 13-க்கு இறங்கியது. அது பெங்குவேலா நீரோட்டம், கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிற இடம். நமீபியா பக்கம் அந்தக் குளிரால்தான் மூடுபனி. தம்பி, அங்கே ராடாரை விட்டு நகராதீர்கள். அப்புறம் மேற்கு ஆப்பிரிக்காவில் டிசம்பர், ஜனவரியில் சகாராப் புழுதி வந்து டெக் முழுக்கச் செந்தூளாகப் படியும். கழுவுவது கேடட் வேலைதான்!

வேர்தேடி:

சிக்னல்மேன் ஐயா, அந்த ஊர்ப் பெயரில் ஏதாவது நினைவிருக்கிறதா? டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். தாளில் இருந்த அந்த எண் கிடைத்தால் தேடலாம்.

பழைய சிக்னல்மேன்:

எண் நினைவில்லை ஐயா. ஊர்ப் பெயர் 'வெ' என்று தொடங்கியது, 'பாடி' என்று முடிந்தது. நடுவில் இருந்தது போய்விட்டது. அந்த ஜில்லாவில் அப்படி எத்தனையோ ஊர். பட்டியலில் அந்தச் சாயலில் என்னென்ன வருகிறதோ, எல்லாவற்றையும் எனக்கு அனுப்புங்கள். கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

புதுக் கேடட்:

எல்லோருக்கும் நன்றி. நோட்டு இன்றைக்கே வாங்கிவிட்டேன். எங்கள் கப்பல் டர்பனில் நிற்காது என்பதுதான் வருத்தம். கேப்பைத் தாண்டும்போது கரை தெரியுமா?

பழைய சிக்னல்மேன்:

எவ்வளவு தள்ளிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் தெற்கு முனை நன்னம்பிக்கை முனை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அகுல்யாஸ் முனைதான். இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் பிரிகிற 20 டிகிரி கிழக்குக் கோடு அங்கேதான் ஓடுகிறது. 1849-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் ஒன்று இன்றும் எரிகிறது. கேடட்டைப் பெரும்பாலும் சீஃப் ஆபிசரோடு 4-8 வாட்சில் போடுவார்கள். விடியலில் அங்கே இருந்தால் பிரிட்ஜின் வலப்பக்க விங்கில் (வெளியே நீட்டிய மேடையில்) போய் நில்லுங்கள். அல்பட்ராஸ் பறவை ஒன்று இறக்கையே அடிக்காமல் கூடவே வரும். வானம் தெளிவாக இருந்து, கரையை ஒட்டிப் போனால், அன்றைக்குப் பின்னேரமோ மறுநாளோ டேபிள் மலை தெரியும், மேலே வெள்ளைத் துணி விரித்த மாதிரி மேகத்தோடு. தெரிந்தால் இங்கே வந்து எழுதுங்கள் தம்பி, நான் காத்திருப்பேன்.