மழை பொய்த்ததற்கு யாரைக் கேட்பது? வான் தூவல் பற்றிய ஒரு குறுநாவலை முன்வைத்து விவாதம்

வைகை வடகரை:
நான் எழுதிவரும் குறுநாவலின் முதல் வரைவை உங்களில் சிலர் வாசித்திருக்கிறீர்கள். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2058-ஆம் ஆண்டில் வடகோளத்துப் பணக்கார நாடுகள் சில கூட்டுச் சேர்ந்து, உயரப் பறக்கும் விமானங்களைக் கொண்டு வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியரில் கந்தக டை ஆக்ஸைடைத் தூவத் தொடங்குகின்றன. சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கு விண்வெளிக்கே திரும்பிப் போக, பூமியின் சராசரி வெப்பநிலை குறைகிறது. மூன்றாம் ஆண்டில் பெரியாறு அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை பொய்க்கிறது. மேலூர் வட்டாரத்துக்கு ஒருபோகத்துக்குக்கூட வைகையில் தண்ணீர் திறக்க முடியவில்லை. விவசாயிகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடுகிறார்கள். மனு தள்ளுபடியாகிறது.

இந்தத் தொழில்நுட்பத்தைத் தொடும் அறிவியல் புனைவு பெரும்பாலும் விஞ்ஞானியின் ஆணவத்தில் தொடங்கிப் பேரழிவில் முடிந்துவிடுகிறது. என் கதையில் தூவல் தோற்கவில்லை. சொன்னபடியே வேலை செய்கிறது, உலகம் குளிர்கிறது, ஆனால் ஒரு வட்டாரத்தில் மழை இல்லை. அந்த வட்டாரம் யாரிடம் போய் முறையிடும் என்ற கேள்வியைத்தான் எழுத விரும்பினேன். எதிர்க்கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

நாகமலை ஆசிரியர்:
முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் உங்கள் கதையைக் கடுமையாக எதிர்க்கிறேன், நண்பரே. கதையின் அறிவியல் பிழையற்றது. 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்ஸைடு மேலடுக்குக்குப் போனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கு உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. அந்தத் துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் படிந்துவிடுவதால், இதைச் செய்ய நினைப்பவர்கள் ஆண்டுதோறும் தூவிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

நான் எதிர்ப்பது கதையின் சாய்வை. மனிதன் வானத்தில் கைவைப்பது 2058-இல் தொடங்கும் பாவம் என்பதுபோல் கதை பேசுகிறது. நிலக்கரி உலைகளும் கப்பல்களும் கந்தகத்தைக் கக்கி, பல பத்தாண்டுகளாக வெப்பத்தின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. 2020-இல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, கடல்மேல் அந்த மறைப்பு மெலிந்தது. மூச்சுக்கு நல்லதைச் செய்தோம், அதற்கு வெப்பத்தில் விலை கொடுத்தோம். வானத்தைத் தொடாத காலம் ஒன்று நம் பின்னால் இல்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு திட்டம். 1876–78 தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட மண் அது. தேனி மாவட்டத்தில் பென்னிகுக் படத்தை வீட்டில் மாட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு பொறியாளரைக் குலதெய்வத்துக்கு இணையாக வைத்த வட்டாரத்திலிருந்து, பொறியியல்மீது இவ்வளவு அச்சத்தோடு ஒரு கதை வருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

வைகை வடகரை:
ஆசிரியர் ஐயா முல்லைப் பெரியாறை எடுத்ததற்கு நன்றி. என் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அந்தத் தண்ணீர் திரும்புவதற்கு முன்பே, 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார், எத்தனை ஏக்கர், என்ன வாடகை என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம் என்றும் இருந்தது. அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்ற தகராறு வந்தபோது அப்படியே போனார்கள். 1941-இல் தீர்ப்பு திருவிதாங்கூருக்குச் சாதகமாக வந்தது. பிறகு 1970-இல் வாடகையை உயர்த்தி, மின்சாரத்துக்கு அனுமதி பெற்றுப் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும், குத்தகையின் எதிர்த்தரப்புக்குப் பெயரும் முகவரியும் இருந்ததால்தான். அந்தக் குத்தகை நியாயமான பேரமா என்று கேரளத்தில் இன்றும் கேட்கிறார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் ஆவணமாவது இருக்கிறது.

வானத்துக்கு அப்படி ஓர் ஆவணம் கிடையாது. இருப்பதில் மிக நெருக்கமானது, சுற்றுச்சூழலை ஆயுதமாக மாற்றுவதைத் தடுக்கும் 1976-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. வியட்நாம் போரில் அமெரிக்கா மேகங்களைத் தூண்டி மழையை நீட்டித்து, எதிரியின் பாதைகளைச் சேறாக்க முயன்றது அம்பலமானதன் தொடர்ச்சியாக வந்தது அது. ஆனால் பகைநோக்கு உள்ள செயல்களை மட்டுமே அது தடுக்கிறது. உலகை குளிர்விக்கிறோம் என்று சொல்லித் தூவுபவரிடம் பகைநோக்கு எங்கே இருக்கிறது? 2024-இல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில், இதை ஆராய ஒரு நிபுணர் குழு அமைக்கலாம் என்று சுவிட்சர்லாந்து கொண்டுவந்த சாதாரணத் தீர்மானம்கூட உடன்பாடு எட்டாமல் திரும்பப் பெறப்பட்டது.

தெப்பக்குளம் வாசகன்:
சட்டம் இருக்கட்டும். கதையில் வெளிநாட்டு அரசுகள் மீது மதுரைக் கிளையில் வழக்கு எப்படி நிற்கிறது? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அயல்நாட்டு அரசு மீது இங்கே வழக்குத் தொடர முடியாது. வாசலிலேயே நின்றுபோக வேண்டிய வழக்கை நாற்பது பக்கத்துக்கு நடத்தியிருக்கிறீர்கள்.

வைகை வடகரை:
வழக்கு அயல்நாடுகள் மீது இல்லை. அந்த ஒப்புதலைக் கொடுக்க மறுத்த மத்திய அரசின் மீது தொடுக்கப்படும் நீதிப்பேராணை மனு அது. ஏழாம் அத்தியாயத்தில் தெரியவரும்: கங்கைச் சமவெளியின் வெப்ப அலைகளுக்கு அஞ்சி, இந்தியாவும் அந்தக் கூட்டணியில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்துவிட்டது.

தெப்பக்குளம் வாசகன்:
அப்படியானால் அதை ஏன் ஏழாம் அத்தியாயத்தில் ஒளித்தீர்கள்? கதையின் உயிரே அங்குதான் இருக்கிறது. தூர தேசத்து வெள்ளைக்காரன் நம் மழையைத் திருடினான் என்று எழுதுவது எளிது, வாசகனும் உடனே ஒப்புக்கொள்வான். டெல்லி வடக்கே உயிர்களைக் காப்பாற்ற ஒரு முடிவெடுக்கிறது, அதன் விலையைப் பெரியாறு நீர்ப்பிடிப்பு கொடுக்கிறது என்றால், வாசகன் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திணறுவான். முதல் அத்தியாயத்திலேயே அதைப் போட்டு உடையுங்கள்.

நாகமலை ஆசிரியர்:
என் அடிப்படை எதிர்ப்புக்கு இன்னும் பதில் வரவில்லை. மழை பொய்த்தது தூவலால்தான் என்று உங்கள் விவசாயிகள் எப்படி அறிந்தார்கள்? 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அப்போது யாரும் எதையும் தூவவில்லை. வைகை அணை வறண்டு, 2017 ஏப்ரலில் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிடும் நிலை வந்தது. காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது. அதே வறட்சி 2061-இல் வந்தால், இயற்கையின் பங்கையும் விமானத்தின் பங்கையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பினாட்டுபோவுக்கு அடுத்த ஆண்டில் நிலப்பரப்பின் மழையும் ஆறுகளின் ஓட்டமும் உலக அளவில் குறைந்தன என்பது பதிவாகியிருக்கிறது. வடகோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாஹேலில் வறட்சி வரும், தென்கோளத்தில் மட்டும் தூவினால் சாஹேலில் மழை கூடும் என்று 2013-இல் வெளியான ஒரு கணினி மாதிரி ஆய்வு காட்டியது. ஆகவே ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு, எந்த மாதத்தில் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டும் என்கிறேன். அந்த ஆராய்ச்சியைத்தான் எல்லாரும் தடுக்கிறார்கள். 2021-இல் ஸ்வீடனின் கிருனாவில் ஹார்வர்ட் குழுவினர் ஒரு பலூனை, அதுவும் துகள் எதையும் வெளியிடாமல், பறக்கவிட்டுப் பார்க்க இருந்தார்கள். சாமி பழங்குடி மக்களின் மன்றம் எதிர்த்தது, நிறுத்தப்பட்டது. 2024-இல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. அறியாமையை நாமே காத்து வைத்துக்கொண்டு, பிறகு அறியாமையைக் காட்டி அஞ்சுவது எந்த வகையில் நியாயம்?

மேலூர்க் கடைமடை:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். கதை எழுதிய வழக்கறிஞர் தம்பியும் ஆசிரியர் ஐயாவும் பேசுவது எங்கள் வயலைப் பற்றி என்பதால் நானும் எழுதுகிறேன்.

முதலில் தம்பிக்கு. உங்கள் கதையில் வெயில் இல்லை. மழை பொய்த்ததை முப்பது பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தூவலுக்கு முந்தைய வெயிலை ஒரு பத்தியில் கடந்துவிட்டீர்கள். நெல் பூக்கும் நாளில் முற்பகலிலேயே வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கருகிவிடும். கதிர் நிமிர்ந்தே நிற்கும், கையில் உருவிப் பார்த்தால் பாதிக்குமேல் பதர். தண்ணீர் கழுத்தளவு இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. காலை ஆறு மணிக்கு நாற்றுப் பறிக்க இறங்கும் பெண்கள் பதினொரு மணிக்கு மேல் வயலில் நிற்க முடியாமல் வரப்பில் ஏறி உட்காருகிறார்கள், கூலி அரை நாளாகக் குறைகிறது. எவனாவது ஏதாவது செய்து இந்தச் சூட்டைக் குறைக்க மாட்டானா என்று ஏங்கும் ஒருத்தியாவது உங்கள் மனுதாரர்களுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து ஐயாவுக்கு. அந்தச் சாமி மக்கள் கேட்டதில் தவறு என்ன? அவர்கள் தலைக்கு மேல் பறக்க இருந்ததைப் பற்றி அவர்களிடம் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. கள்ளந்திரிக்கு மேற்கே இருபோகம், கிழக்கே எங்களுக்கு ஒருபோகம். அந்த ஒருபோகத்துக்கும் எப்போது திறப்பார்கள் என்று ஆண்டுதோறும் மனு எழுதிக் காத்திருக்கிறோம். மேல்மடைக்காரர் முடிவெடுத்துவிட்டுக் கடைமடைக்காரருக்குத் தகவல் சொல்வது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

நாகமலை ஆசிரியர்:
அக்கா சொல்வதை மறுக்க மாட்டேன். முன்கூட்டிப் பேச வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடே. ஆனால் கடைமடையில் நிற்கும் ஒவ்வொருவரும் சம்மதித்த பிறகுதான் என்றால் உலகில் எந்தக் காலத்திலும் ஒன்றும் நடக்காது, அதற்குள் உங்கள் கதிரெல்லாம் பதராகிவிடும்.

வைகை வடகரை:
இங்கே கதையின் தீர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதைப் பலர் நீதிபதியின் கோழைத்தனமாக வாசித்திருக்கிறீர்கள். காரணம் நிரூபிக்கப்படவில்லை என்பது தள்ளுபடியின் முதல் பகுதி. சாட்சிக் கூண்டில் நிற்கும் வானிலை அறிஞர், இத்தகைய வறட்சிக்கான வாய்ப்பு கூடியிருக்கிறது என்கிறார். இந்த வறட்சி அதனால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மறுக்கிறார். அவர் நேர்மையானவர் என்பதாலேயே வழக்கு தோற்கிறது.

இரண்டாம் பகுதி இன்னும் கொடியது. மனுதாரர் கேட்கும் நிவாரணம் தூவலை நிறுத்துவது. கரியமில வாயு அப்படியே மேலே இருக்க, தூவலை மட்டும் திடீரென நிறுத்தினால், மறைத்து வைத்திருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள் இறங்கிவிடும். மூன்று ஆண்டுத் தூவலில் இது சிறிதாக இருக்கலாம். முப்பது ஆண்டுக்குப் பின் எந்த நீதிமன்றமும் அந்த உத்தரவைப் போடத் துணியாது. தவறு என்று தெரிந்தாலும் தடைவிதிக்க முடியாத ஒரு செயலைச் சட்டம் எப்படிக் கையாளும் என்று எனக்கு விடை தெரியவில்லை. அதனால்தான் தள்ளுபடியோடு கதையை முடித்தேன்.

மேலூர்க் கடைமடை:
தம்பி, காரணத்தை நிரூபித்தால்தான் பணம் என்ற இடத்திலேயே நீங்கள் எங்களைத் தோற்கடித்துவிட்டீர்கள். பயிர்க் காப்பீட்டில் ஏன் மழை பெய்யவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அறுவடை நேரத்தில் வருவாய், வேளாண், புள்ளியியல் ஆட்கள் வருவார்கள். குலுக்கல்போல் எண்ணைப் பார்த்து வயலைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்த எடை உத்தரவாத அளவுக்குக் குறைந்தால் இழப்பீடு. அதிலும் குறை உண்டு, பணம் வர ஆண்டு கடந்துவிடும், ஆனாலும் வானத்தின் மீது சத்தியம் செய்யச் சொல்வதில்லை.

தூவ விரும்பும் நாடுகள் முதல் விமானம் ஏறும் முன்பே இதில் கையெழுத்திடட்டும்: தூவும் காலம் முழுவதும், எந்த ஊரில் மழை அதன் வழக்கத்தைவிட இத்தனை பங்கு குறைந்தாலும், காரணம் கேட்காமல் பணம்.

நாகமலை ஆசிரியர்:
அப்படியானால் இயற்கையாக வரும் வறட்சிக்கும் அவர்களே கட்ட வேண்டியிருக்கும். எந்த நாடு அதற்கு ஒப்புக்கொள்ளும்?

மேலூர்க் கடைமடை:
ஒப்புக்கொள்ளாவிட்டால் தூவ வேண்டாம், ஐயா. சூடு குறைவதால் அவர்களுக்குக் கிடைக்கும் லாபம் அந்தக் கட்டணத்துக்குக் காணாது என்றால், அந்த வேலை லாபமானது என்று எங்களிடம் வந்து சொல்லவும் கூடாது. அந்தச் சூட்டில் நானும்தான் நிற்கிறேன், அது தெரிந்துதான் கேட்கிறேன். தம்பி, உங்கள் மனுதாரர்களில் ஒருத்தியை இந்த நிபந்தனையோடு நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். நீதிபதி அதையும் தள்ளுபடி செய்யட்டும், ஆனால் என்ன காரணம் சொல்லித் தள்ளுகிறார் என்பதை முழுதாக எழுதுங்கள்.