புதுப்பிப்பு: கேரவனில் ராயபுரம் முதல் கயத்தாறு வரை

வாடகைக் கேரவனில் நினைவிடங்களைக் காணக் கிளம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒன்பது நாள் பயணம் முடித்து நேற்று ராயபுரம் திரும்பினோம். எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பாது என்று நீங்கள் எச்சரித்தது சரிதான். 1856-இல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தி, சாமான்களைச் சுமந்துவந்தே ஏற்றினோம். தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும் வழியில் பார்த்தோம். ஆயினும் மனத்தில் நின்றவை தெற்கே உள்ளவைதான். பாஞ்சாலங்குறிச்சியில் இன்று நிற்பது 1974-இல் எழுப்பப்பட்ட நினைவுக்கோட்டை. பழைய கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டதை அறியாமல் வந்த என் அண்ணன் மகன் சற்று ஏமாந்துதான் போனான். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், அவனே கேள்வி எதுவும் கேட்காமல் நெடுநேரம் நின்றிருந்தான். கழிவுநீர்த் தொட்டியைக் காலிசெய்ய இடம் தேடுவதே கடைசிவரை பெரும்பாடாக இருந்தது.