அரக்குச் சேலைப் படத்தில் முகம் சாம்பல் பூக்கிறது, சரிகை மங்குகிறது: எங்கே திருத்துவது?

வெள்ளவத்தை மாலை

வணக்கம். எங்கள் பகுதிச் சேலைக் கடை ஒன்றுக்காகத் தோழி ஒருத்தியை நிறுத்திக் காலிமுகத்திடலில் படம் எடுத்தேன். அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரப் பட்டு, அகலமான சரிகைக் கரை, தலையில் மல்லிகை. தோழி கறுப்பு நிறம். அந்த அரக்கு அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது. மாலை வெயில், 85 மிமீ லென்ஸ், ரோ கோப்பு (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு).

கமெராத் திரையில் படம் நன்றாகவே இருந்தது. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், பழைய பிலிம் சாயல் தரும் என்று விலைக்கு வாங்கிய பிரிசெட்டை, அதாவது ஒரே சொடுக்கில் எல்லா நிறத்தையும் மாற்றும் ஆயத்த அமைப்பைப் போட்டதும் எல்லாம் கெட்டுப்போகிறது. நெற்றியிலும் கன்னத்திலும் சாம்பல் பூக்கிறது. சரிகையில் உயிர் இல்லை. தோளிலிருந்து இறங்கும் மடிப்புகள் மறைந்து வெறும் சிவப்பு மட்டும் தெரிகிறது. ஆரஞ்சு ஸ்லைடரைத் திருப்பி இழுத்தால் முகம் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் ஆகிவிடுகிறது.

இன்னும் இரண்டு விடயம். முகத்தை "கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்கள்" என்று கடைக்காரர் கேட்கிறார். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது? அடுத்த முறை இதே சேலையைப் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் முன்னால் வைத்து எடுக்கலாமா?

நிழற்கூடம்

தங்கச்சி, முதலில் பிரிசெட்டைக் கழற்றுங்கள். மனிதத் தோல் வெளுப்போ கறுப்போ, அதன் சாயல் பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதிக்குள்தான் விழும். வேறுபடுவது ஒளிர்வும் செறிவும். விற்பனைக்கு வரும் பிரிசெட்டுகளில் பல, ஆரஞ்சின் ஒளிர்வை ஏற்றிச் செறிவைக் குறைப்பவை. வெளுத்த தோலில் அது மினுமினுப்பாகத் தெரியும். கறுத்த தோலிலோ அதற்கு அழகு தருகிற ஆழமும் சூடும் போய், எஞ்சுவது சாம்பல். சரிகையின் பொன்னிறமும் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் ஒரே ஸ்லைடர் முகத்தையும் கரையையும் சேர்த்தே இழுக்கிறது. அந்த ஸ்லைடரில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் இரண்டும் ஒருசேரச் சரியாக வரப்போவதில்லை.

பிரித்து வேலை செய்யுங்கள். படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் மாஸ்க் பகுதியில் ஆளைத் தெரிவு செய்தால் முகத் தோல், உடல் தோல், தலைமுடி என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும். முகத்துக்கு ஒன்று, சேலைக்கு ஒன்று, சரிகைக் கரைக்குத் தூரிகையால் ஒன்று. பிலிம் சாயல் கட்டாயம் வேண்டுமென்றால் அதைப் பின்னணிக்கு மட்டும் கொடுங்கள். கடலும் வானமும் அதைத் தாங்கும்.

மடிப்பு மறைவதற்குக் காரணம் வேறு. இப்படிச் செறிந்த சிவப்பில் படத்தின் மூன்று நிற அடுக்குகளில் சிவப்புச் சனல் மட்டும் உச்ச அளவான 255ஐத் தொட்டு நின்றுவிடும்; பச்சையும் நீலமும் அடியில் கிடக்கும். வெறும் வெளிச்ச அளவை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். சிவப்பைத் தனியாகப் பாருங்கள். சேலை மாஸ்க்கில் செறிவையும் எக்ஸ்போஷரையும் சிறிது இறக்குங்கள். ரோ கோப்பில் தகவல் மிச்சம் இருந்தால் மடிப்பு திரும்பி வரும்.

வெள்ளவத்தை மாலை

நன்றி அண்ணா. கொசுவப் பக்கம் மடிப்புகள் அப்படியே வந்துவிட்டன. வெயில் நேராக விழுந்த வலது தோளில் மட்டும் வரவில்லை. முகம் இப்போது தோழியின் முகமாகவே இருக்கிறது. ஆனால் தாடைக்குக் கீழும் கழுத்திலும் ஒரு செம்மை தெரிகிறது, முகத்தோடு ஒட்டவில்லை.

நிழற்கூடம்

தோளில் வராதது இனி வராது. அங்கே சென்சரிலேயே சிவப்பு நிரம்பி வழிந்திருக்கிறது. அடுத்த முறை வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப் (கமெராவின் வெளிச்ச அளவு) குறைத்து எடுங்கள். முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

கழுத்துச் செம்மை பட்டின் வேலை. வெயில் பட்டில் பட்டுத் தெறித்துத் தாடைக்கு அடியில் ஏறுகிறது. அந்த இடத்துக்குத் தனி மாஸ்க் போட்டு, சாயலை மஞ்சள் பக்கம் ஒரு சிறிது நகர்த்திச் செறிவைக் குறையுங்கள். படம் எடுக்கும்போதே தடுக்க வேண்டுமானால், படத்தில் விழாதபடி ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் போதும். வெள்ளை ஒளி கலந்து சிவப்பை அமுக்கிவிடும்.

இதே காரணத்தால்தான் விகாரமகாதேவிப் பூங்காவில் மரத்தடியில் எடுக்கும் படங்களில் முகம் பச்சை தட்டுகிறது. சிவப்புப் பள்ளிவாசல் பற்றியும் இதையே சொல்வேன். 1909இல் கட்டி முடித்த அந்தச் சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும். அரக்குச் சேலை அதற்கு முன்னால் கரைந்து போகும்; பார்ப்பவர் கண் சுவர்க் கோடுகளில்தான் நிற்கும். அதோடு அது தொழுகை நடக்கும் இடம். இரண்டாம் குறுக்குத் தெருவின் நெரிசலில், தொழ வருகிறவர்கள் நடுவே ஆடை விளம்பரத்துக்கு ஆளை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுதந்திர சதுக்க மண்டபத்தைப் பாருங்கள். நான்கு பக்கமும் திறந்த கூரை. சாம்பல் நிறத் தூண்கள் தோலுக்கு நிறம் ஏற்றாது. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குள் இருப்பதால் நடுப்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்கிக் கண்குழியை இருட்டாக்கும். கூரைக்கு அடியில் அந்தத் தொல்லை இல்லை, பக்கவாட்டு ஒளிதான் வரும். அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

கொசுவம்

நான் சேலை கட்டிவிடுகிறவள், அதனால் கமெராவுக்கு முன்னால் நடப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிளாஷ் சிறிதளவாவது போட்டீர்களா தங்கச்சி? முகத்துக்கு நிறமில்லாத வெள்ளைப் பவுடர் போட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டுப் பிளாஷில் வெள்ளையாகக் கிளம்பும். அது தோலில் இருக்கும் சாம்பல், மாஸ்க்கில் முழுதாகப் போகாது. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்க்க வியர்க்கப் பவுடரை மேலே மேலே அடிக்காமல், எண்ணெய் ஒற்றும் தாளால் ஒற்றி எடுங்கள். நெற்றி மினுங்கினால் மினுங்கட்டும், கறுத்த தோலில் அந்த மினுக்கம் முகத்தின் வடிவத்தை எடுத்துக்காட்டும்.

சரிகை முன்னால் வந்து விழும் ஒளிக்கு மங்கும், சரிந்து விழும் ஒளிக்குத்தான் எழும்பும். தலைப்பை ஒற்றையாக விரித்து முன்கையில் போட்டு, கையை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு கோணத்தில் கரையிலுள்ள மயிலோ மாங்காயோ இழை இழையாகத் தெரியும். அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். நெஞ்சுப் பக்க மடிப்பை ஊசியால் இறுக்கிக் குத்தினால் படத்தில் பலகை மாதிரி இருக்கும். தோளில் மட்டும் குத்தி மிச்சத்தைக் காற்றுக்கு விடுங்கள். சட்டை அதே அரக்கில் வேண்டாம், கரும்பச்சை போடுங்கள். கழுத்துக்கும் சேலைக்கும் நடுவே கண் இளைப்பாற ஓர் இடம் கிடைக்கும்.

வெள்ளவத்தை மாலை

பிளாஷ் போட்டேன் அக்கா, கண்குழிக்காக. பவுடரும் வெள்ளைதான். கடைக்காரர் விடயத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

கொசுவம்

அவருடைய வியாபாரத்தை வைத்தே பேசுங்கள். காலி வீதியில் அந்தக் கடைக்குள் நுழையும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் உங்கள் தோழியின் நிறம்தான். அரக்கு தங்கள் நிறத்தில் எப்படி எழும்பும் என்று பார்க்கத்தான் அவர்கள் படத்தைத் திறக்கிறார்கள். முகத்தை வெளுத்தால் பக்கத்தில் இருக்கும் அரக்கு இன்னும் இருண்டு தெரியும். படத்தைப் பார்த்து வாங்கியவள் வீட்டில் விரித்ததும் "இது வேறு நிறம்" என்று திருப்பிக் கொண்டுவருவாள்.

நிழற்கூடம்

அக்கா சொன்னதோடு இதையும் சொல்லுங்கள். கொடாக் நிறுவனம் படக் கழுவுகூடங்களுக்குப் பல பத்தாண்டுகள் அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்களின் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பதுதான் அன்றைய அளவுகோல். அந்தக் காலத்துப் பிலிமைப் பின்பற்றும் பிரிசெட் நம் முகத்தில் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. முகத்துக்கு வெளிச்சம் கூட்டலாம், நிழலைத் தளர்த்தலாம். நிறத்தை மாற்ற வேண்டாம். இரண்டு படங்களையும் சேலையையும் கடையில் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அனுப்பும் முன் எஸ்ஆர்ஜிபியில், அதாவது பெரும்பாலான திரைகளுக்கான நிற வரம்பில், படம் எப்படித் தெரியும் என்று காட்டும் சாஃப்ட் புரூஃப் போட்டுப் பாருங்கள், லைட்ரூம் கிளாசிக்கில் எஸ் விசை. மடிப்பு அங்கேயும் நிற்கிறதா என்று தோள் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஜேபெக் எடுங்கள். வலது தோள் எரிந்துபோன படங்களை விட்டு, அவள் இடப்பக்கம் திரும்பி நிற்கும் படம் இருந்தால் அதையே கடைக்குக் கொடுங்கள்.